பள்ளத்தூர் வளவுக் கச்சேரி: கவியரசர் பாட்டை எவ்வளவு மாற்றலாம்?

பட்டாலை:

ஜூன் 24 கவியரசர் கண்ணதாசன் பிறந்த நாள். அதையொட்டிச் செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தில், நடந்த பாட்டுக் கச்சேரிக்கு இந்தக் குழுவிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தீர்கள். வந்தவர்கள் எல்லோரும் எழுதுங்கள். என் மனதில் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வழக்கமான மெல்லிசைக் கச்சேரி என்றால் டி.எம்.எஸ். குரலில் ஒருவர், சுசீலா அம்மா குரலில் ஒருவர், கீபோர்டில் படத்தில் வந்த அதே இசை என்று முடிந்துவிடும். இங்கே ஓதுவார், நாயனம், நையாண்டி மேளம், கல்லூரிப் பிள்ளைகளின் கிட்டார், ராப் பாடும் ஒரு தம்பி, மைக்கே வேண்டாம் என்று சொன்ன ஒரு வயதான ஆச்சி என்று ஆளுக்கு ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு அவரவர் வழியில் பாடினார்கள். சிறுகூடல்பட்டியில் பிறந்தவருக்கு அவர் சீமையிலேயே இப்படி ஒரு மாலை அமைந்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

ஆனால் ஒன்றைப் பேசித்தான் ஆக வேண்டும். இது பாட்டு எழுதியவருக்காக எடுத்த விழா. மெட்டு எங்கே வேண்டுமானாலும் போகட்டும், தாளம் மாறட்டும், சொல் மட்டும் சபையின் காதில் விழ வேண்டும். அன்றைக்குச் சொல் விழுந்த பாட்டெல்லாம் நெஞ்சில் நின்றது. விழாதவை எவ்வளவு கைதட்டல் வாங்கினாலும் எனக்கு ஒட்டவில்லை.

ஓதுவாரைக் கேட்டீர்களா? அவர் எடுத்தது 'வீடு வரை உறவு', 1962இல் வந்த 'பாத காணிக்கை' படப் பாட்டு. நேராகப் பாட்டுக்குப் போகவில்லை. முதலில் பட்டினத்தாரின் 'அத்தமும் வாழ்வும் அகத்துமட்டே' பாடலை விருத்தமாக, தாளக்கட்டு இல்லாமல், அவசரமே இல்லாமல் பாடினார். செல்வம் வீட்டோடு நின்றுவிடும், மனைவி வீதியோடு, பிள்ளைகள் சுடுகாட்டோடு என்று பட்டினத்தார் அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் கூட வருவது புண்ணியமும் பாவமும்தான் என்று பதிலையும் சொல்லிவிடுகிறார். கவியரசர் அதே படிகளில் ஏறி வந்து, கடைசிப் படியில் பதில் சொல்லாமல் கேள்வியாகவே விட்டுவிட்டார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டபோதுதான் அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று புரிந்தது. ஓதுவாரும் அந்த இடத்தில் சுருதிப் பெட்டியை மட்டும் ஓடவிட்டுச் சும்மா இருந்தார்.

பட்டினத்தாரோ காவிரிப்பூம்பட்டினத்து வணிகர். நம் நகரத்தார் முன்னோரும் அங்கிருந்து வந்தவர்கள் என்றுதான் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். அந்தப் பாட்டு நம் வளவில் ஒலித்ததற்கு எனக்கு இன்னொரு அர்த்தமும் இருந்தது.

ராப் தம்பியைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். அதில் எனக்கு வருத்தம் உண்டு.

நாயனக்காரர் பேரன்:

அண்ணே, சொல் விழுந்தால்தான் பாட்டு என்றால் எங்கள் நாயனத்துக்கு அந்த மேடையில் இடமே இல்லையே? நாயனத்தில் ஏது சொல்?

'நலந்தானா' வாசித்தபோது நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று தெரியாது. நான் இரண்டாவது தூணுக்குப் பக்கத்தில் இருந்தேன். பல்லவியை வாசித்து நிறுத்தியதும் பெண்கள் பக்கத்திலிருந்து வார்த்தை தானாகவே வந்தது. யாரும் பாடச் சொல்லவில்லை. நாயனம் ஒரு வரி, சபை ஒரு வரி என்று சரணம் முழுக்க அப்படியே போனது. எழுதியவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது?

அந்தப் பாட்டு நாயனத்துக்கென்றே பிறந்த பாட்டு. 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்குக் கே.வி. மகாதேவன் இசை. படத்தில் நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். கதைப்படி ஆடுகிறவள் வாசிக்கிறவரைப் பார்த்து நலம் கேட்கிறாள். சபை பார்த்துக்கொண்டிருக்கும்போது, அடிபட்ட கையோடு வாசிக்கிற மனிதரிடம் வேறு எப்படிக் கேட்க முடியும்? கேள்வி அவள் வாயில், பதில் அவர் சீவாளியில். நாயனம் இல்லாவிட்டால் அந்தப் பாட்டு பாதிதான்.

பட்டாலை:

தம்பி சொல்வது நியாயம். சபைக்கு மனப்பாடமான பாட்டுக்கு அது செல்லும். நானும் கூடவே முணுமுணுத்தேன். ஆனால் சபையில் பத்து வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்கு அது வெறும் ராகமாகத்தான் போயிருக்கும். நாயனம் தொடங்கும் முன்னால் யாராவது பல்லவியை ஒரு தடவை நிறுத்திச் சொல்லியிருந்தால் அவர்களும் சேர்ந்திருப்பார்கள்.

மைக் செட்:

சொல் விழுந்தது, விழவில்லை என்று பாடியவர்களை மட்டும் சொல்லாதீர்கள். அந்த இடத்தையும் கொஞ்சம் பாருங்கள். அன்றைக்கு ஒலி பார்த்தது நான்தான்.

வளவு என்பது நடுவில் வானம் பார்த்த முற்றம், நாலு பக்கமும் தூண் வைத்த தாழ்வாரம். கீழே ஆத்தங்குடித் தளம், சுவரெல்லாம் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய சுண்ணாம்புப் பூச்சு. கண்ணாடி போல இருக்கிற அந்தச் சுவரில் சத்தம் பட்டால் திரும்பி வரும். பேச்சுக் குரல் அளவு சத்தம் என்றால் அது அழகாக வீடு முழுக்கப் பரவும். ஸ்பீக்கர் பாக்ஸின் சத்தத்தை ஏற்றிவிட்டால் முதல் சொல் சுவரில் பட்டு வருவதற்குள் அடுத்த சொல் கிளம்பிவிடும். இரண்டும் மோதிக் கூழாகிவிடும்.

முதலில் பாடிய மெல்லிசைக் குழுவுக்கு நடந்தது அதுதான். பேஸ் டிரம்மும் பேஸ் கிட்டாரும் சேர்ந்து தளத்தையே அதிர வைத்தன. குரலை ஏற்று ஏற்று என்றார்கள். ஏற்ற ஏற்ற இன்னும் மோசமானது. ஆச்சி மைக் இல்லாமல் பாடியது கடைசி வரிசை வரை கேட்டதென்றால் அது அவர் குரலும் வீடும் சேர்ந்து செய்த வேலை. அடுத்த முறை பாக்ஸ் வேண்டாம். தாழ்வாரத்தில் ஜமக்காளத்தை விரித்து, தூண்களுக்கு நடுவே துணி கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

கிள்ளான் ஆச்சி:

நான் மலேசியாவில் இருக்கிறேன். கொழுந்தன் மகள் போன் வழியாகக் காட்டினாள். விட்டுவிட்டுத்தான் கேட்டது, ஆனாலும் அந்த ஆச்சி பாடிய தாலாட்டை முழுசாகக் கேட்டேன். அழுதுவிட்டேன்.

'மலர்ந்தும் மலராத' பாட்டை அவர் சினிமா மெட்டில் பாடவில்லை. எங்கள் ஆயா பாடும் தாலாட்டு மெட்டில் வைத்துப் பாடினார். முதலில் 'ஆராரோ ஆரிவரோ' என்று இழுத்துவிட்டு அப்படியே உள்ளே நுழைந்துவிட்டார். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. வரி முடிந்து தாலாட்டு மெட்டு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தால் அந்த இடத்தில் ஒரு 'ஓ' போட்டு நிரப்பிக்கொண்டார், அவ்வளவுதான். மாமன் சீரோடு வந்து மணம் பேசுகிற இடம் வந்ததும் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது, கவனித்தீர்களா? நம் வீடுகளில் மாமக்காரர் இல்லாமல் ஒரு சடங்காவது நடக்குமா? படத்தில் அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம் பாடுவார்கள். டி.எம்.எஸ்., சுசீலா இருவரும் பாடி உருக்கியது. இங்கே இருவருக்கும் சேர்த்து ஒரே ஆச்சி பாடினார்.

அந்தப் பதிவு யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். பேத்தி பிறந்திருக்கிறாள்.

உறுமி:

நையாண்டி மேளத்தோடு 'தாழையாம் பூமுடிச்சு' பாடியதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆட்டமும் பாட்டுமாக எல்லோரும் எழுந்துவிட்டார்களே! அந்தப் பாட்டு கிராமத்து வாடையோடு எழுதப்பட்டது, மேளத்தோடு ஒட்டிக்கொண்டது. வேறென்ன சொல்ல.

தேவகோட்டை ரஸ்தா:

எல்லோரும் கவியரசர் கவியரசர் என்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் மேடையில் ஒரு பாட்டுக்காவது இசையமைத்தவர் பெயரைச் சொன்னார்களா? படத்தின் பெயரும் ஆண்டும் சொன்னார்கள், அதோடு சரி. எனக்கு அது உறுத்தியது.

ஜூன் 24 மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விக்கும் பிறந்த நாள். கண்ணதாசன் 1927, விஸ்வநாதன் 1928. ஒரே தேதியில் பிறந்த இருவர் சேர்ந்து கட்டிய வீட்டில் ஒருவருக்கு மட்டும் விளக்கேற்றலாமா? நீங்கள் பேசுகிற பாட்டுகளில் பெரும்பாலானவை 1965க்கு முன்னால் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் ஒன்றாக இருந்தபோது போட்டவை. அவர்கள் மெட்டில்தான் அந்தச் சொற்கள் நம் வீட்டுக்குள் வந்தன.

மெட்டு எப்படி வேண்டுமானாலும் போகட்டும் என்று பட்டாலை அண்ணன் எழுதியிருக்கிறார். எல்லாப் பாட்டுக்கும் அது ஆகாது. 'வான் நிலா நிலா அல்ல' பாட்டை எடுங்கள். வரிக்கு வரி 'லா' என்று முடிகிறது. மெட்டின் ஊஞ்சல் எங்கே திரும்புகிறதோ அங்கே அந்த எழுத்து வந்து உட்காருகிறது. மெட்டைக் கழற்றினால் வெறும் இயைபு விளையாட்டாகத் தெரியும். அன்றைக்கு அதை வேறு ராகத்தில் பாடிய அம்மாவுக்கு அருமையான குரல். ஆனாலும் 'லா' எல்லாம் தப்பான இடத்தில் விழுந்து தட்டுத்தடுமாறியது. காரணம் அதுதான்.

பட்டாலை:

ரஸ்தா ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. அடுத்த முறை அறிவிப்பில் இசையமைப்பாளர் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். பாடியவர் பெயரும் வேண்டும்.

மெட்டு விஷயத்தில் நான் பாட்டுக்குப் பாட்டு பார்ப்பேன். தாலாட்டு, தத்துவப் பாட்டு, விருத்தம் போல வருவது இவையெல்லாம் வேறு மெட்டைத் தாங்கும். அவற்றின் அடியில் நம் பழைய யாப்பு இருக்கிறது. மெட்டுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது தாங்காது.

'அத்திக்காய் காய் காய்' பாட்டையும் சொல்ல வேண்டும். 'பலே பாண்டியா' படத்தில் டி.எம்.எஸ்., பி.பி. ஸ்ரீநிவாஸ், சுசீலா, ஜமுனா ராணி என்று நாலு பேர் பாடியது. இங்கே நாலு மருமகள்கள் சேர்ந்து பாடினார்கள். வேகத்தைக் குறைத்து, 'காய்' ஒவ்வொன்றையும் எங்கே பிரிக்க வேண்டுமோ அங்கே பிரித்தார்கள். எது மரத்துக் காய், எது நிலாவைப் பார்த்துக் காயச் சொல்வது என்று சபை ஒவ்வொரு வரிக்கும் கண்டுபிடித்துச் சிரித்தது. வேகமாகப் பாடும் கச்சேரிகளில் இந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை.

கிட்டார் பிள்ளை:

நாங்கள்தான் 'மயக்கமா கலக்கமா' பாடியது. சொல் கேட்டதா என்று இப்போது பயமாக இருக்கிறது!

நாங்கள் செய்தது இதுதான். இடையிசை எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். இரண்டு கிட்டார், ஒரு குரல். பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடியதை ஒரு பெண் பாடட்டும் என்று முடிவு செய்து, அவளுக்கேற்பச் சுருதியை மாற்றினோம். வேகத்தையும் குறைத்தோம். ஆறுதல் சொல்லும் வரிகள் வரும் இடத்தில் ஒரு கிட்டாரை முழுசாக நிறுத்திவிட்டோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒத்திகையில் நாங்கள் அதிகம் சண்டை போட்டது எதை வாசிப்பது என்பதற்காக இல்லை, எதை வாசிக்காமல் விடுவது என்பதற்காக.

அந்தப் பாட்டை எடுத்ததற்குக் காரணம் உண்டு. எங்களில் இரண்டு பேருக்குப் படிப்பு முடிந்தும் இன்னும் வேலை கிடைக்கவில்லை. பாடியவளும் அதில் ஒருத்தி.

பட்டாலை:

அம்மா, உங்கள் பாட்டில் ஒரு சொல்கூடத் தவறவில்லை. என் பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாலி சென்னையில் வாய்ப்புக் கிடைக்காமல் ஊருக்கே திரும்பிவிடலாம் என்று இருந்தபோது, பி.பி. ஸ்ரீநிவாஸ் இந்தப் பாட்டைப் பாடிக் காட்டியதில்தான் மனம் மாறித் தங்கினார். இதை வாலியே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஒரு கவிஞர் எழுதியது இன்னொரு கவிஞரை ஊருக்குப் போகாமல் நிறுத்தியது. 'சுமைதாங்கி' வந்தது 1962இல். இன்றைக்கு வேலை தேடுகிற ஒரு பெண்ணின் வாயில் அதே பாட்டு, அதே வேலையைச் செய்கிறது.

இப்போது ராப். அந்தத் தம்பிக்குக் குரலும் வேகமும் அபாரம். 'சட்டி சுட்டதடா' பல்லவியை அப்படியே பாடிவிட்டு, சரணங்களுக்கு நடுவில் தன் வரிகளை நுழைத்துக்கொண்டே போனார். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு எது கவியரசர் வரி, எது தம்பி வரி என்று தெரியவில்லை. பின்வரிசையில் ஒரு பையன் தம்பியின் வரியைக் காட்டி, இது கண்ணதாசன் எழுதியதா என்று கேட்டான். எனக்கு அதுதான் வருத்தம். ஒரு சரணத்தை விட்டுவிடலாம், ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடலாம். அவர் எழுதாததை அவர் பாட்டுக்குள் வைக்கக் கூடாது.

சட்டி சுட்டவன்:

ஐயா வணக்கம், பாடியது நான்தான். கோபம் இல்லை, ஆனால் ஒன்று கேட்கிறேன். பட்டினத்தார் பாட்டை எடுத்துக் கவியரசர் தன் வழியில் மாற்றி எழுதினார், அதைக் கொண்டாடுகிறீர்கள். கம்பனிடமிருந்தும் எடுத்திருக்கிறார். கம்பன் கழகம் இருக்கிற காரைக்குடியில் இது எல்லோருக்கும் தெரியும். அவர் பழைய பாட்டைத் தொட்டால் கவிதை, நான் தொட்டால் குற்றமா?

'ஆலயமணி' படத்தில் அந்தப் பாட்டு, எல்லாம் பட்டுத் தெளிந்த ஒருவன் பாடுவது. என் வயதில் எனக்குச் சுட்டது வேறு சட்டி. ஆன்லைன் விளையாட்டில் பணத்தைத் தொலைத்த என் நண்பனைப் பற்றித்தான் அந்த வரிகளை எழுதினேன். பாட்டைக் கெடுக்க வேண்டும் என்று ஒரு துளிகூட நினைக்கவில்லை. ஐயா, எங்கள் வீட்டில் அப்பா தினமும் காலையில் போடுகிற பாட்டு அது.

வக்கீல் கோட்டையூர்:

இடையில் சட்டம் ஒரு வார்த்தை. கவியரசர் மறைந்தது 1981 அக்டோபர் 17, சிகாகோவில். நம் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் மறைந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் உரிமை உண்டு. அப்படியானால் 2041 முடியும் வரை அவர் வரிகளுக்கு உரிமை இருக்கிறது. இது போக, படைப்பைச் சிதைத்து எழுதியவர் பெயருக்குக் குறைவு வரச் செய்தால் தட்டிக் கேட்கும் உரிமை தனியாக உண்டு. தம்பி செய்தது சிதைத்தல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரியைக் கலந்து பதிவு செய்து யூடியூபில் போடுவதாக இருந்தால், முதலில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டாலை:

தம்பி, கேள்வி நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கவியரசர் பட்டினத்தாரின் பாட்டுக்குள் தன் வரியை நுழைக்கவில்லை. பட்டினத்தார் பாட்டு அப்படியே இருக்கிறது. ஓதுவார் அதை அன்றைக்கு முழுசாகப் பாடினார். கவியரசர் அதைக் கேட்டுக் கேட்டு ஊறிப்போய், வெளியே வந்து தன் பெயரில் வேறு ஒரு பாட்டைக் கட்டினார். அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. உன் வரிகளும் நல்ல வரிகள், ஏமாற்றிப் பேசவில்லை. நண்பனின் அம்மா அடகுக் கடை வாசலில் நிற்கிற இடத்தில் எனக்கு நெஞ்சு அடைத்தது. அவை அவர் பாட்டின் நடுவில் ஒளிந்துகொண்டு ஏன் நிற்க வேண்டும்? முழுப் பாட்டாக எழுது. முதலில் 'சட்டி சுட்டதடா' பாடு, யார் எழுதியது என்று சொல். அப்புறம் உன் பாட்டைப் பாடு, நீ எழுதியது என்று சொல். சபையே இரண்டையும் பார்த்துக்கொள்ளட்டும்.

நாயனக்காரர் பேரன்:

இது எனக்கும் சரியாகப் படுகிறது. ஓதுவார் செய்ததும் இதுதானே. தம்பி, உன் பாட்டுக்கு நடுவில் நாயனம் வேண்டுமென்றால் சொல்.

சட்டி சுட்டவன்:

சரிங்க ஐயா. பல்லவி இல்லாமல் இருக்கிற என் வரிகளுக்கு ஒரு பல்லவி தேட வேண்டும், அதுதான் கஷ்டம். எழுதி முடித்ததும் முதலில் உங்களுக்கு அனுப்புகிறேன். அண்ணே, நாயனம் கண்டிப்பாக வேண்டும். எந்தச் சுருதியில், எத்தனை கட்டையில் வாசிப்பீர்கள் என்று சொல்லிவிடுங்கள், அதற்கேற்ப பீட் அமைத்துக்கொள்கிறேன்.

நாயனக்காரர் பேரன்:

இரண்டு கட்டை. தவிலும் வரும், அதனால் உன் பீட்டில் டிரம் சத்தத்தைக் குறைத்துக்கொள். இரண்டும் அடித்தால் நீ பாடுவது உனக்கே கேட்காது.

தேவகோட்டை ரஸ்தா:

அடுத்த கச்சேரிக்கு என் விருப்பம் ஒன்று. 'பாவ மன்னிப்பு' படத்து 'எல்லோரும் கொண்டாடுவோம்' சேர்க்க வேண்டும். டி.எம்.எஸ்ஸும் நாகூர் ஹனிபாவும் பாடியது. தப்ஸ் அடித்துப் பாடும் குழு ஒன்று எனக்குத் தெரியும், கேட்டுச் சொல்கிறேன். இடமும் இந்தத் தடவை சிறுகூடல்பட்டியாக இருக்கட்டும். மலையரசி அம்மன் கோயில் பக்கம் இடம் கிடைக்குமா என்று உள்ளூர்க்காரர்கள் யாராவது விசாரியுங்கள்.

மைக் செட்:

கிள்ளான் ஆச்சி, தாலாட்டுப் பதிவைக் குழுவில் ஏற்றிவிட்டேன். தொடக்கத்தில் யாரோ நாற்காலி இழுக்கிற சத்தம் வரும், அதை மட்டும் வெட்டியிருக்கிறேன், மற்றபடி எதையும் தொடவில்லை. ஓதுவார் பதிவும் இருக்கிறது. நாயனத்தில் தவில் மிஞ்சி நிற்கிறது, அதைச் சரி பண்ணிவிட்டுப் போடுகிறேன். கோயில் பக்கம் திறந்தவெளி என்றால் வளவுக்குச் சொன்ன கணக்கு ஒத்துவராது, சத்தம் காற்றோடு போய்விடும். அங்கே இரண்டு பாக்ஸ் வேண்டியிருக்கும். இடம் முடிவானதும் சொல்லுங்கள், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.